மன்னிக்கக் கோரும் மனு

என் அக்கா கணவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சந்தைத் தெருவில் ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் இடத்தில், சாவி செய்யும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு முக்காலி, ஒரு வெட்டு இயந்திரம், சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகளில் இன்னும் பல் வெட்டாத சாவிகள். முகப்பில் 'டூப்ளிகேட் சாவி' என்று பலகை. ஒரு பெருமழையில் பலகையின் பின்பாதி எழுத்து உரிந்துபோய் 'டூப்ளிகேட்' மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு தெருவுக்கு அவர் டூப்ளிகேட்தான்.

"நான் ஒரிஜினலாத்தான் ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டேன். ஊரே டூப்ளிகேட்டுன்னா நான் எங்க போய்ச் சொல்றது?" என்பாள் அக்கா.

எனக்கு அவர் மாமா.

தொழிலில் மாமா ஒரு பிடிவாதக்காரர். சோப்பில் பதித்த அச்சைக் கொண்டுவந்து இதற்கு ஒரு சாவி வேண்டும் என்பவர்கள் அவ்வப்போது வருவார்கள். "சாவி வேணும்னா சாவியைக் கொண்டு வாங்க. அது இல்லைன்னா பூட்டைக் கொண்டு வாங்க. அதுவும் முடியாதுன்னா பூட்டு இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. சோப்பு மட்டும்தான் இருக்குன்னா, போய்க் குளிங்க" என்று அனுப்பிவிடுவார்.

மற்ற எல்லா விஷயத்திலும் வளைந்து கொடுப்பவர். அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் ஒன்று இருந்தது: மன்னிச்சிடுங்க. அவர் அறியாமலே இருமல் மாதிரி வரும். புதுச் சாவி முதல் தடவையில் சுழலவில்லையென்றால் மன்னிச்சிடுங்க. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் மன்னிச்சிடுங்க. அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பவள். அவளும் இன்னொரு பெண்ணும் ஒரு விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனைகளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நடைக்குள்தான் அவர்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். மாமாவின் மன்னிப்புக் கதைகள் அங்கே பிரசித்தம்.

"காலையில செருப்பைத் தடுக்கி விழுந்தாருடி. விழுந்து கிடந்தபடியே செருப்புகிட்ட மன்னிப்புக் கேக்கறாரு."

"செருப்பு என்ன சொல்லிச்சு?"

"அது பெருந்தன்மையான செருப்பு. பரவாயில்லைன்னுடுச்சு."

அந்தச் சொல்தான் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

அடுத்த தெருவில் மின்சாதனக் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் பூட்டு இறுகிப்போனதால் கிடங்கு மானேஜர் ஆளனுப்பி மாமாவைக் கூப்பிட்டார். அவர் போய்ப் பூட்டைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் கிடங்கைத் திறந்தபோது உள்ளே பாதிச் சரக்கைக் காணோம். பூட்டில் கீறல்கூட இல்லை. சாவிகள் எல்லாம் இருக்க வேண்டியவர்களிடமே இருந்தன. உடையாத பூட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வந்த ஆள் ஒருவர்தான்.

மானேஜர் இரண்டு போலீஸ்காரர்களோடு மாடிப்படிக்குக் கீழே வந்தார். வந்த வேகத்தில், முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்த இரும்புப் பெட்டியில் கால் விரலை இடித்துக்கொண்டார். செருப்புக்கு வெளியே இருந்த நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. மாமா துள்ளி எழுந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்! மன்னிச்சிடுங்க!"

விசாரணையில் மானேஜர் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார்: "நாங்கள் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே எழுந்து நின்று என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. கால் விரலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அரசு நியமித்துத் தந்த வக்கீலுக்கு அன்று வேறு கூடங்களிலும் வழக்கு இருந்தது. மாமா எழுந்து சொல்லப் பார்த்தார். உங்கள் முறை வரும்போது பேசுங்கள் என்று உட்கார வைத்தார்கள். முறை வந்தபோது கேட்கப்பட்ட கேள்விகளில் கால் விரல் இல்லை. தீர்ப்பு நீதிமன்றத்தின் மொழியில் இருந்தது. எனக்கு அந்த மொழியும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. அதனால் அக்கா அதைப் படமெடுத்து, வெளிநாட்டில் வேலையில் இருந்த எனக்கு அனுப்பினாள். அதில் ஒரு வரி: 'குற்றமற்ற ஒருவர், எதுவும் கேட்கப்படும் முன்னரே தாமாக மன்னிப்புக் கோர வேண்டிய அவசியம் என்ன?' நான்கு ஆண்டு தண்டனை.

அன்று நீதிமன்றப் படியில் இறங்கும்போது மாமா ஒரு காவலர் மேல் மோதினார். மோதியதும் வாய் திறந்தது. ஏதோ ஞாபகம் வந்தவர்போல அதை மூடிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் தானாக வந்துகொண்டிருந்த ஓர் இருமலை ஒரு மனிதன் தீர்மானம் செய்து நிறுத்த முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"யார் மேலயாவது இடிச்சுட்டா இப்ப என்ன பண்றார்?" என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"நின்னு, 'வலிக்குதா?'ன்னு கேக்கறாராம். ஜெயில்ல எல்லாரும் இவரை டாக்டர்னு கூப்பிடறாங்களாம். பாரு, டூப்ளிகேட்டுலருந்து புரமோஷன்."

வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகள் சிறை அலுவலகத்தின் வழியாகவே உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு அனுப்பலாம். படித்த கைதி ஒருவர் எழுதித் தர, மாமா கையெழுத்திட்டுக் கெடுவுக்கு முன்பாகவே அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். அலுவலகம் அதைத் தண்டனை கொடுத்த நீதிமன்றத்துக்கே அனுப்பிவைத்தது. எங்களுக்குரியது அல்ல என்று அவர்கள் திருப்பினார்கள். அதற்குள் மாமாவை வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். அவரைத் தேடிக்கொண்டு காகிதம் பின்னாலேயே அலைந்தது. கடைசியில் அது உயர் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. கோப்பின் மேல் இரண்டு முத்திரை விழுந்தது. ஒன்று, 'வசதியற்றவர்'. இன்னொன்று, 'காலங்கடந்தது'.

"முதல் சீல் எதுக்கு? என் செருப்பைப் பாத்தாலே தெரியாதா?" என்றாள் அக்கா.

இலவசச் சட்ட உதவி மையம் ஓர் இளம் பெண் வக்கீலை ஒதுக்கிக் கொடுத்தது. அவர் பேச்சு வேகம், நடை அதைவிட வேகம். அக்கா அவருக்குத் தந்தி என்று பெயர் வைத்தாள். முதல் சந்திப்பிலேயே தந்தி முழு வழக்கையும் படித்துவிட்டு வந்திருந்தார். இரும்புப் பெட்டியைப் பற்றி மாமா எழுதியிருந்த பத்தியின் கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"அக்கா, இது நல்ல பாயின்ட். அந்த மானேஜர் அன்னிக்கே விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டிருக்கார். கட்டுப் போட்ட கிளினிக்கைக்கூட நான் கண்டுபிடிச்சுட்டேன். உள்ள நுழைஞ்சுட்டோம்னா ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா முதல்ல உள்ள நுழையணும்."

உள்ளே நுழைவதற்கு ஒரு சின்ன மனு தேவைப்பட்டது. ஏன் தாமதமானது என்று விளக்கி, அந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் மேல்முறையீட்டை ஏற்கும்படி மேல்முறையீடு செய்தவரே உறுதிமொழியோடு கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். வக்கீல் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. மனு இல்லையென்றால் மேல்முறையீடு தள்ளுபடி ஆகிவிடும்.

"துணிக்கடையில தள்ளுபடின்னா ஓடறோம். இங்க தள்ளுபடின்னா அழணும். என்ன பாஷையோ இது," என்றாள் அக்கா. "சரி, ஒரு கையெழுத்துதானே? அவர் தொழில்லயே ஒரு நாளைக்குப் பத்து தடவை இளிச்சுக்கிட்டு நிப்பாரு. போட்டுடுவாரு."

அப்போது நான் விடுப்பில் வந்திருந்தேன். மூவரும் சிறைக்குப் போனோம். பையைத் திறந்து கோப்பு இருக்கிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். வக்கீல்கள் கைதிகளைச் சந்திக்கும் அறையில் ஒரு மேசை, தரையோடு பொருத்தப்பட்ட நாற்காலிகள், மேலே ஒரு சின்ன ஜன்னல். மாமா மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கலையா? இங்க வந்து இருந்துடு, வேளாவேளைக்குக் கிடைக்குது" என்றார்.

மனு நீதிமன்ற மொழியில் இருந்தது. தந்தி அதைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிறை அலுவலகம், தவறான விலாசம், சிறை மாற்றம் எல்லாவற்றுக்கும் மாமா தலையாட்டினார். கடைசிப் பத்தி வந்தது.

"ஆகவே, மேற்படி காலதாமதத்தை மன்னித்து, என் மேல்முறையீட்டை ஏற்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்."

மாமா பேனாவை மேசைமேல் வைத்தார். "அதை இன்னொரு தடவை படிங்கம்மா."

தந்தி திரும்பப் படித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஐயா, இது தாமதத்துக்கு மட்டும்தான். வழக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"மன்னிப்புன்னு இருக்கே."

"எல்லா மனுவிலயும் அப்படித்தான் எழுதுவாங்க. கோடீஸ்வரன் போட்டாலும் இதே வார்த்தைதான்."

"அவங்க கேக்கட்டும்மா. அவங்களுக்கு அது வெறும் வார்த்தை. எனக்கு நாலு வருஷம்."

அக்கா பொறுமையிழந்தாள். "இந்தா பாருங்க. ஊர்ல இருக்கிற நாய், பூனை, செருப்பு எல்லாத்துகிட்டயும் கேட்டீங்க. ஜட்ஜுகிட்ட கேக்க மட்டும் வலிக்குதா?"

"அவ்வளவு கேட்டதாலதானே இங்க இருக்கேன்."

"லேட்டானது உண்மையா இல்லையா?"

"உண்மை. ஆனா நான் குடுக்க வேண்டிய நாளுக்கு முன்னாடியே குடுத்தேன். லேட் பண்ணினது அவங்க. அவங்க பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, அப்புறம் உள்ள போய் நான் பண்ணலைன்னு எந்த வாயால சொல்றது? 'நீதான் எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்கற ஆளாச்சே'ன்னு கேக்க மாட்டாங்களா? ஏற்கெனவே கேட்டுட்டாங்க. எழுதியே வச்சிருக்காங்க."

தந்தி கோப்பிலிருந்து கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை எடுத்து அந்த வரியைத் தேடினார்.

நான் குறுக்கே புகுந்தேன். நீதிமன்ற மொழியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் அவ்வளவு கனமானது இல்லை. அங்கே அது போகட்டும் என்று விட்டுவிடுவதுபோல ஒரு சொல். தமிழுக்கு வந்ததும்தான் கைகூப்பிக் குனிந்துவிடுகிறது. இதைச் சொல்லி, "நாம இதை 'பொறுத்துக்கொண்டு'ன்னு வச்சுக்கலாம் மாமா. 'தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு.' அப்போ சரிதானே?" என்றேன்.

மாமா என்னைக் கனிவாகப் பார்த்தார். "நீ எனக்குப் படிச்சுக் காட்டறதை மாத்துவே. அந்தக் காகிதத்துல இருக்கிறது மாறுமா?"

"மாறாது."

"சாவிக்கு வேற வளையம் மாட்டினா வேற பூட்டைத் திறக்குமாடா?"

பேருந்தில் திரும்பும்போது, இறங்கும் இடம் நெருங்கியதும் அக்கா வெடித்தாள். "திமிரு. சுத்தமான திமிரு. இத்தனை வருஷம் இந்தத் திமிரை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தாரு?"

விசாரணை நாளில் கைதியையும் அழைத்துவரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் நான் அதுவரை போனதில்லை. கூரை அவ்வளவு உயரம். பேச்சுச் சத்தம் மேலே போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாகக் கீழே வந்தது. கறுப்பு அங்கிகள் நடக்கும்போது துணி உரசும் ஓசை. டவாலி வாசலில் நின்று முழுப் பெயரைக் கூப்பிட்டபோது அக்காவே யாரோ என்று திரும்பிப் பார்த்தாள். பிறகுதான், "ஐயோ, நம்ம ஆளு!" என்று எழுந்தாள்.

நீதிபதி வயதானவர். குரல் தாழ்வானது, அவர் பேசினால் கூடம் முழுவதும் முன்னால் சாய்ந்து கேட்டது. தந்தி மூச்சுவிடாமல் வாதாடினார். தாமதம் கைதியுடையது இல்லை, அரசு அலுவலகங்களுடையது என்று தேதி வாரியாகக் காட்டினார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு எங்கே?"

"இல்லை, மாண்புமிகு நீதிபதி அவர்களே. தயாராக இருக்கிறது. என் கட்சிக்காரர் கையெழுத்திட மறுக்கிறார்."

"ஏன்?"

தந்தி காரணத்தைச் சொன்னார். மானேஜர், இரும்புப் பெட்டி, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் அந்த ஒற்றை வரி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூடத்தின் ஓரத்தில் காவலருக்கும் சுவருக்கும் நடுவே நின்றிருந்த மாமாவைப் பார்த்தார். அதுவரை நீதிமன்ற மொழியில் பேசியவர் தமிழில் பேசினார்.

"நீங்க கொஞ்சம் முன்னால வாங்க. தாமதத்துக்குக் காரணம் நீங்க இல்லைன்னு எனக்குப் புரியுது. ஆனா மனு இல்லாம என்னால இந்தக் கோப்பைத் திறக்க முடியாது. விதி அப்படி. இது வெறும் முறைக்காக எழுதற வார்த்தை. உங்க குற்றத்தைப் பத்தினது இல்லை. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

"அப்போ கையெழுத்துப் போடறதுல என்ன கஷ்டம்?"

"லேட்டாயிடுச்சுங்க ஐயா, அது நிஜம். அதுல எனக்கும் வருத்தம்தான். அதை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதித் தர்றேன். மன்னிப்பு மட்டும் என்னால கேக்க முடியாதுங்க."

"அந்த வார்த்தை இல்லாம அந்த மனு இல்லையே."

"தெரியுதுங்க ஐயா."

மாமாவின் குரலில் எதிர்ப்பு இல்லை. இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி சேராது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரல். கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மதிய இடைவேளை முடிஞ்சதும் இந்த வழக்கைத் திரும்பக் கூப்பிடறேன். குடும்பத்தோட பேசுங்க. கையெழுத்தோட மனு வந்தா, இன்னிக்கே ஏத்துக்கிட்டு விசாரணைக்கு நாள் குறிக்கிறேன்."

அதைவிட நியாயமாக ஒருவர் நடந்துகொள்ள முடியாது என்று எனக்குப் பட்டது. அதுதான் பயமாகவும் இருந்தது. எதிர்த்துக் கோபப்பட அங்கே யாருமே இல்லை.

தாழ்வாரத்துக் கடைசியில் ஒரு மர பெஞ்சு. காவலுக்கு வந்தவர் வயதான ஏட்டு. மாமாவையும் அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார அனுமதித்துவிட்டு, தொப்பியால் விசிறிக்கொண்டு எதிரே நின்றார்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? எனக்கு மாசம் ஒரு மெமோ வருது. மாசம் ஒரு மன்னிப்பு எழுதிக் குடுக்கறேன். எதுக்குன்னு படிச்சுக்கூடப் பாக்கறதில்லை."

"அதனாலதான் மாசாமாசம் வருது ஏட்டய்யா," என்றார் மாமா.

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

தந்தி மனுவையும் பேனாவையும் பெஞ்சின் மேல் வைத்தார். "ஐயா, நான் வக்கீலா ஒண்ணு சொல்லிடறேன். போட்டீங்கன்னா நாம ஜெயிக்கறதுக்கு வழி இருக்கு. போடலைன்னா ஒரு வழியும் இல்லை. மேல ஒரு கோர்ட்டு இருக்கு, ஆனா அங்கயும் இதே கேள்வியைத்தான் கேப்பாங்க. தண்டனை முடியற வரைக்கும் உள்ளதான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா பன்னும் டீயும் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினாள். வாங்கி வந்தேன். மாமா பன்னைப் பிட்டு ஏட்டுக்கும் ஒரு துண்டு நீட்டினார். ஏட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டாச்சா? இப்ப கேளுங்க," என்று தொடங்கினாள் அக்கா. "உங்க பொண்ணு நர்சிங் முடிக்கப் போறா. வேலையில சேர்ற அன்னிக்கு அப்பா கூட வரணும்னு ஆசை. காலையில நாங்க கிளம்பறப்பவே ஹாஸ்டல்லருந்து போன் பண்ணிட்டா. நான் நாளெல்லாம் ஆஸ்பத்திரியில விரிப்பை மடிச்சுட்டு, வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுப் போர்வையை மடிக்க மறுமுனையில ஆள் இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

மாமா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். காகிதத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். தந்தி திரும்பிப் பார்த்தார்.

"இங்க பாரு," என்றார் மாமா. "எனக்காக நான் போட மாட்டேன். ஆனா இந்தத் தண்டனையில பாதியை நீ அனுபவிக்கிற. அதனால உனக்கும் இதுல பேச்சு இருக்கு. நீ போடுன்னு சொல்லு, போட்டுடறேன். அப்புறம் என்னிக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்னைக் குத்திக் காட்டவும் மாட்டேன்."

இத்தனை நாளாக அக்கா கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். திமிர் என்றாள், பிடிவாதம் என்றாள், பக்கத்து வீட்டாரிடம் புலம்பினாள், அவரிடமே கத்தினாள். இப்போது அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அரம் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலும் அதன் பக்கத்து விரலும் பேனாவைப் பிடித்திருந்தன.

"நான் சொன்னா போட்டுடுவீங்களா?"

"போட்டுடுவேன்."

"மனசார?"

"மனசார எப்படிப் போடறது? கையாலதான் போடணும்."

தாழ்வாரத்தில் வக்கீல்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அக்காவின் வாய் இரண்டு தடவை அசைந்தது. ஏட்டு விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"பேனாவை மூடுங்க. மை காஞ்சுடும்," என்றாள்.

மாமா மூடினார்.

நான் பேச வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். இரண்டு மொழியில் படித்திருக்கிறேன்; அந்தப் பெஞ்சில் நடந்ததற்கு இரண்டிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் தான் இழக்கப்போவதை முழுதாகத் தெரிந்துகொண்டு, கேட்டால் கிடைத்துவிடும் என்றும் தெரிந்துகொண்டு, ஒரு பெண் அதைக் கேட்காமல் இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவளோடு சாதாரணமாகப் பேசுவதற்கே எனக்குப் பல நாள் கூச்சமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு டவாலி அந்த முழுப் பெயரைத் திரும்பக் கூப்பிட்டார். நீதிபதி தந்தியைப் பார்த்தார். தந்தி தலையை அசைத்தார்.

"போடலையா?" என்று மாமாவை நேராகக் கேட்டார் நீதிபதி.

"இல்லைங்க ஐயா."

நீதிபதி சுருக்கெழுத்தாளர் பக்கம் திரும்பி ஆணையைச் சொல்லத் தொடங்கினார். மேல்முறையீடு காலங்கடந்து தாக்கலாகியிருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு எதுவும் இல்லை. ஆகவே வழக்கின் உண்மைகளுக்குள் இந்த நீதிமன்றம் செல்லவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. இரும்புப் பெட்டி, விரல் கட்டு, பூட்டு எதையும் யாரும் தொடவில்லை. நாங்கள் பேருந்து ஏறி வந்த நேரத்தில் சிறு பங்குகூட ஆகவில்லை.

சுருக்கெழுத்தாளர் பேனாவை வைக்கப் போனார். நீதிபதி கையமர்த்தினார். ஒவ்வொரு சொல்லாக இன்னும் மூன்று வாக்கியம் சொன்னார். தந்தி அவற்றை அவசரமாகக் கோப்பின் அட்டையில் குறித்துக்கொண்டார்.

நீதிபதி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். உள்கதவை நோக்கி நடந்தவர் ஒரு கணம் நின்று மாமா இருந்த பக்கம் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

வெளியே வந்ததும் மாமா கேட்டார், "கடைசியா என்னம்மா சொன்னாரு? நீளமா."

தந்தி அட்டையைப் பார்த்துத் தமிழில் மெல்லப் படித்தார். அவர் இவ்வளவு மெதுவாகப் படித்து நாங்கள் கேட்டதில்லை. "'மேல்முறையீடு செய்தவர் நேரில் வினவப்பட்டார். போதுமான அவகாசமும் அளிக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கோர மறுத்தார் என்பதை இந்த நீதிமன்றம் பதிவு செய்கிறது.'"

"எழுதியிருக்கா அது?"

"எழுதியிருக்கு ஐயா. உயர் நீதிமன்ற ஆணையில."

"மறுத்தார்னு?"

"மறுத்தார்னு."

மாமா தலையை ஆட்டினார். சந்தோஷமா, வருத்தமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏட்டு தொப்பியைப் போட்டுக்கொண்டார். மாமாவின் தோளைத் தொட்டு, "போலாமா டாக்டர்?" என்றார். சிறையில் வைத்த பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. வேனில் ஏறும் முன் மாமா திரும்பி அக்காவைப் பார்த்து, "சாயங்காலம் ஷிப்டு இருக்கா உனக்கு?" என்றார். "இருக்கு" என்றாள். "அப்போ கிளம்பு, நேரமாச்சு" என்றார்.

வேன் வாசலைத் தாண்டிப் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றாள். அவள் போன் அடித்தது. மகள்.

"சொல்லுடி... இல்லை. வரலை... தள்ளுபடி பண்ணிட்டாங்க... ஏய், அழாதே. இரு. நான் சொல்றதைக் கேளு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஜட்ஜய்யாவே நேருக்கு நேர் கேட்டாரு. உங்கப்பா மாட்டேன்னுட்டாரு... நானா? நான் பக்கத்துலதான் இருந்தேன். நான் சொன்னா போடறேன்னுதான் சொன்னாரு. நான்தான் சொல்லலை."

மறுமுனையில் என்ன சத்தம் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு உயரமான அந்தக் கட்டடத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோவிச்சுக்கோ, பரவாயில்லை. வீட்டுக்கு வந்து நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன்டி. அந்தக் கூடத்துல அவ்வளவு கறுப்புக் கோட்டு உக்காந்திருந்துச்சு. அத்தனை பேருக்கும் முன்னால உங்கப்பா நிமிந்து நின்னாரு. நீ பாத்திருக்கணும்."